கிணற்றுக்கும் ஒரு விலை எழுதுங்கள்

எங்கள் சித்தப்பா 90-களின் தொடக்கத்தில் மூன்று ஏக்கர் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டார். கடலை ஒட்டிய நிலம், பாதி கருவேலம். சும்மா கிடக்கிற நிலத்துக்குக் காசு வருகிறதே என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாவது வருடம் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. கிழக்குக் கடற்கரை முழுக்க 1994, 1995-இல் இறால் குட்டைகளைக் காலி செய்த அதே நோய்தான். குத்தகைக்காரர்கள் குழாயையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். குட்டையின் கரைமேடு மட்டும் மிச்சம். அடுத்த கோடையில், குட்டையின் உப்பு இறங்கி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து சித்தி குடத்தண்ணீர் வாங்குகிறார். எங்கள் பக்கம் வந்தவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டியைத் தெரியும்: இரும்புச் சட்டத்தில் குடத்தின் அடி உட்காருகிற அளவுக்கு வளையங்கள், முன்னால் சின்னச் சக்கரம், பிளாஸ்டிக் குடத்தின் வாயில் துணி. மணலில் இழுக்கும்போது சக்கரம் புதைந்தால் முதல் குடம் தளும்பும், அந்தத் தண்ணீருக்கும் காசு கொடுத்தாயிற்று.

கணக்கு எழுதும் வேலைக்கு நான் வந்த பிறகு இதை ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். இன்றைய காசில் குத்தகையை ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தால், மூன்று ஏக்கர், மூன்று வருடம், மொத்தம் 1,08,000 வரவு. தண்ணீர் நாளுக்கு ஆறு குடம், குடம் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 17,520 செலவு. இந்தச் செலவு நிற்கப்போவதில்லை. அப்படியென்றால் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கலாம்: ஆண்டுதோறும் 17,520 ரூபாய் வட்டி கிடைக்க வங்கியில் எவ்வளவு போட வேண்டும்? 7 சதவீத வட்டியில் சுமார் 2,50,000. இறைத்துக் குடித்துக்கொண்டிருந்த அந்தக் கிணற்றின் விலை அது. சித்தப்பா இரண்டரை லட்சத்தைக் கொடுத்து ஒரு லட்சத்து எட்டாயிரத்தை வாங்கியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்தக் கணக்கை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

பசுமைத் தொழில், நீடித்த முதலீடு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு நிதிப் பாடம் இருப்பதாக நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வழக்கமான கணக்கில் இரண்டு வரியைக் கூடுதலாக எழுத வேண்டும்: கெட்ட வருடம் ஒன்று, நம் செலவை வேறு யாராவது சுமக்கிறார்களா என்பது ஒன்று. ராமநாதபுரம் கரையில் தேவிப்பட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை மகளிர் குழுக்களோடும் சின்ன வியாபாரிகளோடும் உட்கார்ந்து நான் போடும் வரிசையிலேயே இதைச் சொல்கிறேன். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: யார் பணம், எத்தனை வருடம்

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். சொந்தப் பணமா, குழுக் கடனா, தரகர் கொடுத்த முன்பணமா? முன்பணம் என்றால் அதற்கு வட்டி இல்லை என்று நம்பாதீர்கள். சந்தையில் 60-க்குப் போகும் சரக்கை அவருக்கு 52-க்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த 8 ரூபாய்தான் வட்டி. வருடம் எத்தனை என்பதற்கு, அந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதே பதில். மூங்கிலுக்கு ஒரு ஆயுள், சூரியத் தகட்டுக்கு ஒரு ஆயுள், பங்குக்கு உங்கள் பொறுமைதான் ஆயுள்.

இரண்டாம் படி: பன்னிரண்டு கட்டம்

ஆண்டு லாபம் என்று ஒரே எண்ணைப் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு. இந்தக் கடற்கரையில் ஆண்டு என்பது ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும். கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும். ஐஸ் வியாபாரம், கருவாடு, படகு மராமத்து, டீக்கடை எல்லாமே இந்தக் காற்றைப் பார்த்துத்தான் நடக்கும்.

ஆகவே பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் கையில் வரும் காசு, கையை விட்டுப் போகும் காசு இரண்டையும் எழுதுங்கள். கையிருப்பு எந்த மாதத்தில் சுழிக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்தால் லாபம் காட்டும் தொழில், மே மாதத்தில் மட்டும் 40,000 குறைவாகக் காட்டலாம். அந்த 40,000-க்காக மீட்டர் வட்டிக்குப் போனவர்கள் தொழிலையே இழந்ததைப் பார்த்திருக்கிறேன். தடைக்காலத்தில் மீன் முட்டையிட்டுப் பெருகுவது கடலுக்கு நல்லது, வரும் வருடங்களுக்கும் நல்லது. ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கான இருப்பை நாம்தான் முன்கூட்டியே தொழிலுக்குள் எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: நாளைய காசை இன்றைய காசாக்குவது

அடுத்த வருடம் வரும் 100 ரூபாயும் இன்று கையில் இருக்கும் 100 ரூபாயும் ஒன்றல்ல. உங்கள் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் அடுத்த வருட 100-ஐ 1.12-ஆல் வகுங்கள், 89 ரூபாய் 29 காசு வரும். இரண்டாம் வருடக் காசை இன்னொரு முறை வகுக்க வேண்டும், 79 ரூபாய் 72 காசு. மூன்றாம் வருடத்துக்கு 71 ரூபாய் 18 காசு. இப்படி எல்லா வருடத்துக் காசையும் இன்றைய விலைக்குக் கொண்டுவந்து கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் கிடைப்பது நிகர இன்றைய மதிப்பு. கூட்டல் என்றால் கடன் வட்டியையும் தாண்டி மிஞ்சுகிறது, கழித்தல் என்றால் மிஞ்சவில்லை. அவ்வளவுதான் சூத்திரம். கைபேசியில் எக்செல் இருந்தால் ‘என்பிவி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் முதல் தடவை கையால் போட்டுப் பாருங்கள், கணக்கு உடம்பில் ஏறும்.

நான்காம் படி: பாசி மிதவையில் வைத்துப் பார்ப்போம்

எங்கள் கரையில் பசுமைத் தொழில் என்றால் முதலில் வாயில் வருவது பாசி. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கத் தீவுப் பக்கம் கடலில் முழுகப் போகும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். வளர்ப்புப் பாசியான கப்பாபைகஸை 2000-க்குப் பிறகு ஒரு குளிர்பான நிறுவனம் ஒப்பந்த முறையில் கொண்டுவந்ததால் இன்னும் பலருக்கு அது ‘பெப்சி பாசி’தான். ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தப் பயன்படும் காரஜீனன் இதிலிருந்து எடுக்கப்படுகிறது. பச்சைப் பாசியைப் பிழிந்த சாறு பயிருக்கு ஊக்கியாகப் போகிறது. தொண்டி பக்கம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவும் அறிவிக்கப்பட்டு வேலை தொடங்கியது. உரமில்லை, நன்னீர் இல்லை, நிலம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போடுவோம்.

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் சுமார் 260 கிலோ வரும் என்பது மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்கள் தரும் அளவு. பத்து கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. 260-இல் அடுத்த நடவுக்கு 60 கிலோவை எடுத்துவைத்தால் 200 கிலோ மிச்சம், காய்ந்தால் 20 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் மிதவைக்கு 1,200 ரூபாய்.

ஒரு ஆளுக்கு 45 மிதவை வைத்துக்கொள்வது வழக்கம், நாளுக்கு ஒன்று அறுக்கலாம். கடல் ஒத்துழைக்கும் ஒன்பது மாதத்தில் ஆறு சுற்று. ஆக 270 அறுவடை, 3,24,000 ரூபாய் வரவு. செலவு: கயிறு, கட்டுநூல், மூங்கில் மாற்றுவது, வண்டி எல்லாம் 90,000.

தங்கச்சிமடம் பக்கத்துக் குழுவில் இந்த இடம் வந்ததும் ஒரு அக்கா சிரித்த முகத்தோடு, “அப்ப ரெண்டு லட்சத்து முப்பத்தி நாலாயிரம் நமக்குத்தானே தம்பி?” என்றார்.

“உங்க கூலிய எழுதலையே அக்கா.”

“எனக்கு எதுக்குக் கூலி? நம்ம பாசிதானே?”

“காலையில ஆறு மணிக்குத் தண்ணிக்குள்ள இறங்குறீங்க. அதே நேரம் வேற வேலைக்குப் போனா எம்புட்டுத் தருவாங்க?”

அவர் யோசித்துவிட்டு, “ஐநூறு” என்றார். அவரது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, இரண்டு விரல்களில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார், கடலடிப் பாறையான பார் அறுத்தது. 270 நாளுக்கு 1,35,000 என்று நோட்டில் எழுதினேன். சொந்தக் கூலியை எழுதாத கணக்கு எதையும் நான் ஏற்பதில்லை. குறிப்பாகப் பெண்கள் செய்யும் தொழில்களில், இலவச உழைப்பைத்தான் லாபம் என்று காட்டுகிறார்கள்.

இப்போது நல்ல வருடத்து மிச்சம் 99,000. மிதவை ஒன்றுக்கு 3,000 வீதம் 45-க்கு முதலீடு 1,35,000 என்றும், மூன்று வருட ஆயுள் என்றும் வைப்போம். மூன்று வருடமும் நல்ல வருடமாக இருந்தால் இன்றைய மதிப்பில் சுமார் 2,37,800 வரும், முதலைக் கழித்தால் 1,02,800 லாபம். விற்க வருபவர்கள் காட்டும் தாள் இதுதான்.

அடுத்து, அறுவடை குறைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இதை நான் எல்லாக் குழுவிலும் இரண்டு தடவை சொல்வேன். 260 கிலோ வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் விளைச்சல் குறைந்தது 23 சதவீதம். ஆனால் விதைக்கு 60 கிலோ எப்படியும் வைத்தாக வேண்டும், விற்க மிஞ்சுவது 140. வரவு குறைந்தது 30 சதவீதம். 150 கிலோ வந்தால் விளைச்சலில் 42 சதவீதம் போகிறது, வரவில் 55 சதவீதம் போகிறது. நம் எடுத்துக்காட்டில் மிதவைக்கு 200 கிலோ வந்தால் கூலியும் செலவும் போக ஆண்டுக்கு மிஞ்சுவது வெறும் 1,800 ரூபாய். அந்த 200-தான் இந்தத் தொழிலின் தண்ணீர்க்கோடு. அதைச் சிவப்பு மையில் எழுதிவைக்கச் சொல்வேன்.

அறுவடை ஏன் குறையும்? கோடையில் கடல் சூடேறினால் பாசி வெளுத்து, தண்டு இற்றுப்போகும். ஓரா மீன் கூட்டம் வந்தால் குருத்தை மேய்ந்துவிடும், அதற்காகத்தான் மிதவைக்கு அடியில் வலை கட்டுவது. 2013, 2014 வாக்கில் இந்தக் கரையில் பாசி பெருமளவில் செத்து, உற்பத்தி பல வருடங்களுக்குச் சரிந்து கிடந்தது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. பவளத்தை வெளுக்கவைக்கும் வெயில் பாசியையும் சும்மா விடாது. ஆகவே கெட்ட வருடம் வரலாம், வராமலும் போகலாம் என்று எழுதாதீர்கள். மூன்றில் ஒரு வருடம் கெட்டது என்றே எழுதுங்கள்.

கெட்ட வருடத்துக்கு நாலு சுற்று, 150 கிலோ என்று வைத்தால் வரவு 97,200. கூலி 90,000, மற்றச் செலவு 70,000. நட்டம் 62,800. நடுத்தர வருடத்துக்கு 230 கிலோ என்றால் மிச்சம் 50,400. நல்லது, கெட்டது, நடுத்தரம் என்ற வரிசையில் மூன்று வருடத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 74,200 ரூபாய் வருகிறது. போட்ட முதலோ 1,35,000. ஆக 60,800 நட்டம். ஒரு லட்சம் லாபம் காட்டிய அதே தொழில்தான்.

இங்கே மானியம் உள்ளே வருகிறது. பிரதம மந்திரி மத்திய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அலகுச் செலவில் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். முழு முதலீட்டுக்கும் இந்தச் சதவீதப்படி மானியம் கிடைத்தது என்று வைத்தால், பெண்ணின் கைக்காசு 54,000, மூன்று வருட முடிவில் 20,200 மிச்சம். 40 சதவீதக்காரருக்குக் கைக்காசு 81,000, முடிவில் 6,800 நட்டம். இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மானியச் சதவீதம் திட்டம் நிர்ணயித்த அலகுச் செலவுக்குத்தான், உங்கள் கடைப் பில்லுக்கு இல்லை. அதோடு, அது கைக்கு வரும்வரை யார் பணத்தைப் போடுவது என்பதைப் பன்னிரண்டு கட்டத்தில் எழுதியாக வேண்டும்.

இதைப் பார்த்துப் பாசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் மனசார விரும்பும் தொழில் அது. கெட்ட வருடத்தைச் சின்னதாக்குவது எப்படி என்று கணக்கே வழிகாட்டும்: 45-இல் பாதியோடு தொடங்குவது, வேறு ஊர்க் குழுவோடு சேர்ந்து விதைப்பாசியை இரண்டு இடத்தில் காப்பது, வெயில் உச்சத்தில் ஒரு சுற்றைத் தானே விட்டுவிடுவது, வாங்குபவரிடம் குறைந்தபட்ச விலையை எழுத்தில் வாங்குவது. கிலோவுக்கு 10 ரூபாய் கூடினால் நல்ல வருடத்தில் 54,000 கூடுகிறது. பேரம் பேசத் தயங்குபவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நம் செலவை யார் சுமக்கிறார்கள்

இதற்குத்தான் சித்தப்பா கதையோடு தொடங்கினேன். தொழில் எதுவானாலும், அதனால் தண்ணீர், மண், கடல், பக்கத்து வீடு நான்கில் எது தேய்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அதை ரூபாயாக்குங்கள். வழி எளிது: அது கெட்டுப்போனால் அதற்குப் பதிலாக ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும்? அந்தத் தொகையை வட்டி விகிதத்தால் வகுத்தால் அதன் முழு விலை.

இந்தப் பக்கம் வெறும் மனசாட்சிக்காக எழுதுவது அல்ல. இன்று மற்றவர் சுமக்கும் செலவு நாளை சட்டமாகவோ வழக்காகவோ உங்கள் வாசலுக்கு வரும். இறால் பண்ணைகள் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பதிவில்லாமல் பண்ணை நடத்த முடியாது. பாசிக்கும் இதுவே நடந்தது. குருசடைத் தீவில் பவளத்தின் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே, 2005-இல், தேசியப் பூங்காவை ஒட்டி இதை வளர்க்க இடமில்லாதபடி அரசாணை வந்துவிட்டது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் நம் மீனுக்குத் தொட்டில். தென்கடல் பக்கம் இடம் பார்த்து மிதவை போடலாம் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால் முதலில் அனுமதித் தாளைக் கேளுங்கள். அனுமதி இல்லாத தொழிலின் இன்றைய மதிப்பு சுழி, கணக்கே போட வேண்டாம்.

ஆறாம் படி: கூரையில் சூரியத் தகடு

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு இங்கே எல்லாருக்கும் தகடு பழகிவிட்டது. வீட்டுக்குப் போடும்போது கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். 3 கிலோவாட்டுக்கு 1,80,000 ஆகிறது என்று வைப்போம். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம், கைக்காசு 1,02,000. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்றால் ஆண்டுக்கு 4,380. தூசு, மேகம், பழுது போக 4,000 என்று எழுதுங்கள். ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சமானால் 24,000, பராமரிப்பு 2,000 போக 22,000. நாலரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே முதல் திரும்பும்.

ஆனால் அந்த 6 ரூபாய் எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். 180 யூனிட் ஓடும் வீடு ஆண்டுக்கு 480 யூனிட்டுக்குத்தான் காசு கட்டுகிறது. அந்த வீட்டுக்கு வரவு பெரும்பாலும் வாரியத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்திலிருந்தே வர வேண்டும், அதன் விலையை விசாரித்து எழுதாமல் கணக்கை முடிக்காதீர்கள். ஏசி ஓடும் தங்கும் விடுதிக்கும் ஐஸ் கடைக்கும் கணக்கு வேறு.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: உப்புக்காற்று. பாம்பனில் ஒரு மொட்டைமாடியில் இரண்டு வருடம் ஆன சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றித் துரு பொரிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. தகடு 25 வருடம் உழைக்கலாம், அதைத் தாங்கும் இரும்பு அதற்கு முன்பே போனால் கணக்கும் போச்சு. சட்டத்துக்கு நல்ல துத்தநாகப் பூச்சோ அலுமினியமோ கேளுங்கள், கூடுதல் விலையை முதலில் சேருங்கள். பத்தாவது வருடம் வாக்கில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: பங்கு வாங்கும் முன் எதைப் படிப்பது

கடலுக்குள் இறங்காமல் பங்குச்சந்தை வழியாகப் பசுமை நிறுவனத்தில் பணம் போட நினைப்பவர்களுக்கும் இதே இரண்டு வரிதான். ஆண்டறிக்கையை இணையத்தில் இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. முதலில் மூன்று எண்: தொழிலிலிருந்து வந்த ரொக்கம் அறிவித்த லாபத்தோடு ஒத்துப்போகிறதா, வட்டியைப்போல எத்தனை மடங்கு லாபம் இருக்கிறது, விற்ற சரக்குக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது. கடைசி எண்ணுக்கு, வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். மின்சாரம் விற்கும் நிறுவனங்களில் இதை விடவே கூடாது. சூரியன் நேரத்துக்கு உதிக்கும், வாங்கியவர் பணம் அப்படி வருவதில்லை.

அடுத்து பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பகுதி, நிறுவனத்தின் பொறுப்பும் நீடித்த தன்மையும் பற்றிய அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி சொல்லியிருக்கிறது. ஒன்பது கொள்கைகள் இருக்கும். புதியவர்கள் ஆறாவதற்கு நேராகப் போகலாம், சுற்றுச்சூழல் அங்கேதான். மின்சாரம், தண்ணீர், கழிவு, கரிம உமிழ்வு எல்லாம் எண்ணாக இருக்கும். முன்னுரையில் வரும் பச்சை இலைப் படங்களைப் புரட்டிவிட்டு இந்த எண்களில் உட்காருங்கள்.

படித்த எண்ணை ரூபாயாக்குவதுதான் நம் வேலை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் கிலோலிட்டர் நன்னீர் எடுக்கிறது என்று வையுங்கள். கிலோலிட்டருக்கு 20 ரூபாய் கூடினால் 2 கோடி செலவு கூடும். லாபம் 40 கோடி என்றால் 5 சதவீதம் போச்சு. லாபம் 4 கோடி என்றால் பாதி போச்சு. அதே தண்ணீர், இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு விதமான ஆபத்து. இரும்பு, அலுமினியம் ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி (சரக்கைச் செய்யும்போது வெளியான கரிமத்துக்கான வரி) 2026 முதல் காசாகவே வருகிறது, அங்கே உமிழ்வு டன்னை விலையால் பெருக்குங்கள்.

மூன்று வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விற்பனை ரூபாய்க்கு இவ்வளவு தண்ணீர் என்ற விகிதம் குறைந்திருக்கும், மொத்தத் தண்ணீர் கூடியிருக்கும். நிறுவனம் முதல் எண்ணைப் பெருமையாகப் போடும். ஊர்க் கிணற்றுக்கு இரண்டாவது எண்தான் கணக்கு. கணக்குக் குறிப்புகளில் ‘நிகழக்கூடிய பொறுப்புகள்’ என்ற பத்தியையும் பாருங்கள், வழக்கும் அபராதமும் சின்ன எழுத்தில் அங்கே படுத்திருக்கும்.

இன்னும் நடக்காத கூடுதல் விலையை வரவில் சேர்க்காதீர்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் குறியீட்டுக்காக மட்டும் கிலோவுக்கு இவ்வளவு கூடும் என்று ஒரு திட்டத்தாள் சொன்னால், அந்த வரியைச் சுழியாக்கிவிட்டு மிச்சக் கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பேன்.

எட்டாம் படி: நிதி, பத்திரம், வைப்பு

ஒவ்வொரு நிறுவனமாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு இ.எஸ்.ஜி. பரஸ்பர நிதிகள் உண்டு, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துப் பணம் போடும் நிதிகள். செபி 2023-இல் இவற்றை ஆறு வகையாகப் பிரித்து, பணத்தில் குறைந்தது 80 சதவீதம் சொன்ன நோக்கத்திலேயே போக வேண்டும் என்றது. பெயரைப் பார்க்காமல், அதிகம் பணம் போட்டிருக்கும் முதல் பத்து நிறுவனங்களையும் ஆண்டுச் செலவு விகிதத்தையும் பாருங்கள். சாதாரண நிதியில் இருக்கும் அதே பத்துப் பெயர்கள் கூடுதல் கட்டணத்தில் இருந்தால் எதற்கு? மத்திய அரசு 2023 தொடக்கத்தில் இரண்டு தவணையாக 16,000 கோடிக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு விதிகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பணம் எங்கே போனது என்று வங்கி வெளியாள் சரிபார்த்த அறிக்கை வெளியிட வேண்டும். வட்டி சாதாரண வைப்பைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்தை மனமறிந்து கொடுக்கிறீர்களா என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

மாதம் மூன்று வட்டி, மரம் வளர்ப்பு, பாசிப் பண்ணைப் பங்கு, பசுமை என்று யாராவது வீட்டுக்கு வந்தால் 2012-இல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். எந்தப் பாசி, எந்த மரம் 45 நாளுக்கு ஒருமுறை தவறாமல் அதைத் தரும்? நாம் மேலே போட்ட மிதவைக் கணக்கை அவர் முன்னால் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் தேடுங்கள். 2019-இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, ஆனால் போன பணம் வழக்கு வழியாகத் திரும்பி வர வருடக்கணக்காகும்.

நோட்டை எப்போது திறப்பது

வருடத்துக்கு ஒருமுறை போதும், தடைக்காலத்தில். படகு கரையில் ஏறி, வலை பிரித்துப்போட்டு, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. போன வருடம் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நடந்த எண்ணை எழுதுங்கள். எழுதியதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் எங்கே அதிகமோ, அடுத்த வருடக் கணக்கில் அங்கே முதலில் கை வையுங்கள். அந்த அக்காவின் நோட்டில் இந்த வருடம் சராசரி 212 கிலோ. சிவப்புக் கோட்டுக்குப் பன்னிரண்டு கிலோ மேலே. வெயில் உச்சச் சுற்றை விட்டுவிடலாமா, விட்டால் அந்த 45 நாளுக்கு வேறென்ன வேலை என்று வைகாசியில் உட்கார்ந்து போடவிருக்கிறோம்.